ஈரலும் இரத்தப் பரிசோதனையும்

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பிறகேன் இரத்தம் குடுக்க வேணும்?" என்று எங்கள் ஆட்கள் கேட்பதுண்டு. ஈரல் பழுதானாலும் பெரும்பாலும் நோவு தெரியாது. செங்கமாரி, வயிற்று வீக்கம் எல்லாம் பாதிப்பு முற்றிய பிறகே வரக்கூடும். அதனால்தான் இரத்தம் பார்க்கிறார்கள்.

ஈரல் கலங்களுக்குள் ஏ.எல்.ரி. என்ற நொதியம் இருக்கிறது. கலங்கள் சிதைந்தால் அது இரத்தத்தில் கசிந்து அளவு கூடும். அல்புமின் என்ற புரதத்தை ஈரலே செய்கிறது. அது குறைந்தால் ஈரலின் வேலை தளர்ந்திருக்கலாம். காரணம் மதுவா, கொழுப்பா, அளவுக்கு மிஞ்சிய பனடோலா, கிருமியா என்பதை இந்த அளவுகள் மட்டும் சொல்லாது.

முக்கியமாக ஒன்று: ஹெப்பரைற்றிஸ் பி கிருமி உடம்பில் இருந்தும் இந்த அளவுகள் சரியாக இருக்கலாம். "ஈரல் ரெஸ்ற் நோர்மல்" என்றால் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை. கிருமியின் மேலுறைப் புரதத்தைத் தேடும் பரிசோதனை வேறு. 1960களில் பிளம்பேர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதை ஒரு அவுஸ்திரேலியப் பூர்வகுடியின் இரத்தத்தில் கண்டதால், முதலில் 'அவுஸ்திரேலியா அன்ரிஜன்' என்றே அழைத்தார்கள்.

பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றிய கிருமி, பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும். கண்டுபிடித்தால் மருந்தால் அடக்கலாம். வீட்டில் மற்றவர்களுக்குத் தடுப்பூசி போடலாம்.

அடுத்தமுறை வைத்தியரிடம், "எனக்கு ஹெப்பரைற்றிஸ் பி பரிசோதனை செய்ததா?" என்று நேரடியாகவே கேளுங்கள். ஆங்கிலம் கஷ்டமென்றால் 131 450 இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். நீங்கள் சொல்வதை அவர் வெளியே சொல்லக்கூடாது.