சிட்னிக்குப் போன மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

சிட்னியில் வீடும் வேலையும் அமைந்துவிட்டதாக உன் அம்மா சொன்னாள். மகிழ்ச்சி. அயர்லாந்தில் நம் கிளேர் மாவட்ட அணி மட்டையும் பந்துமாக ஆடும் ஹர்லிங் ஆட்டங்களை அங்கிருந்து விடாமல் தொடர்வது எப்படி என்று கேட்டிருக்கிறாய். நியூயார்க்கில் இருந்துகொண்டு நானும் அதைத்தான் செய்துவருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அகில அயர்லாந்து இறுதியாட்டம் ஜூலையில் ஒரு ஞாயிறு பிற்பகல் 3.30 மணிக்கு டப்ளின் குரோக் பார்க்கில் தொடங்குமானால், எனக்குக் காலை 10.30, உனக்கு நள்ளிரவு தாண்டி 12.30. திங்கட்கிழமைக்கு இப்போதே விடுப்பு சொல்லி வை. காலையில் எழுந்து பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதே. 2024 இறுதியாட்டத்தில் கூடுதல் நேரம் வரை போய் ஒரே ஒரு புள்ளியில் கார்க்கை வென்றோம். முடிவு தெரிந்த பிறகு பார்த்தால் அந்தப் படபடப்பு வராது.

காசு கட்டிப் பார். திருட்டு இணைப்புகளைத் தேடாதே. நம் வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஞாயிறு எண்பதாயிரம் பேர் முன்னால் ஆடியவர் மறுநாள் பள்ளியில் பாடம் நடத்தப் போவார். இந்த விளையாட்டைத் தாங்கிப் பிடித்திருப்பது ரசிகர்கள் தரும் பணமும் ஊர்க்காரர்களின் உழைப்பும்தான்.

படம் கிடைக்காத நாளில் வானொலி கேள். கிளேர் எஃப்.எம். இணையத்தில் வருகிறது, நம் ஊர்ப் பேச்சிலேயே வர்ணனை கேட்கலாம். வானொலியைக் குறைவாக நினைக்காதே. 1947-இல் கேவன், கெர்ரி மாவட்டங்கள் மோதிய கேலிக் கால்பந்து இறுதியாட்டம் இங்கே நியூயார்க்கில் நடந்தது. அயர்லாந்து முழுக்க வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. ஒலிபரப்புக்கு வாங்கிய நேரம் தீரப்போகிறது என்றதும், இன்னும் ஐந்து நிமிடம் தாருங்கள் என்று வர்ணனையாளர் மைக்கேல் ஓஹெஹிர் நேரலையிலேயே கெஞ்சினார். இணைப்பு அறுபடவில்லை, கேவன் வென்றதை ஊரே கேட்டது.

மாவட்ட அணியோடு நின்றுவிடாதே. மாவட்ட அணிகளின் போட்டிகள் முடிந்ததும் கிளப் போட்டிகள் தொடங்கும். குரோக் பார்க்கில் ஆடியவர்கள் தங்கள் சொந்த ஊர் அணிக்குத் திரும்பி, பக்கத்து ஊரை எதிர்த்து ஆடுவார்கள். உன்னோடு பள்ளியில் படித்தவர்களும் அதில் இருப்பார்கள். அந்த முடிவுகளையும் தெரிந்துகொள். ஊரோடு பேச்சு விட்டுப்போகாது.

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதுதான்: பார்ப்பவனாக மட்டும் இருந்துவிடாதே. சிட்னியில் கேலிக் கிளப்புகள் இருக்கின்றன. போய்ச் சேர். ஆட முடியாவிட்டால் கோல் கம்பத்தருகே நடுவராக நில், பிள்ளைகளுக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடு. இங்குள்ள நியூயார்க் கால்பந்து அணி 1999 முதல் கானாக்ட் மாகாணப் போட்டியில் தோற்றுக்கொண்டே வந்தது. 2023-இல் பிராங்க்ஸ் கேலிக் பார்க்கில் லீட்ரிம் அணியைப் பெனால்டியில் வென்றது. அத்தனை வருடமும் கோடு போட்டு, வலை கட்டி, சட்டை துவைத்தவர்கள் இல்லையென்றால் அந்த நாள் வந்திருக்காது. கிளேரும் 1914-க்குப் பிறகு அடுத்த அகில அயர்லாந்து ஹர்லிங் கோப்பைக்கு 1995 வரை காத்திருந்தது. தோற்ற காலத்திலும் விடாமல் மைதானத்துக்கு வந்தவர்களால்தான் இந்த விளையாட்டு பிழைத்தது. நீ எந்த ஊரில் இருந்தாலும் அவர்களில் ஒருவனாக இரு.

மட்டையைப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் இந்த வாரமே மைதானத்துக்குப் போய்விட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா