எகானமி வகுப்பில் அட்லாண்டிக்கைக் கடப்போர் கவனத்திற்கு

நம் சங்கத்தில் மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா போய்வராத குடும்பம் குறைவு. புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இரண்டு கேள்விகள்: பெட்டி எத்தனை கிலோ இருக்கலாம்? ஊறுகாயை விடுவார்களா? தங்கள் கால்களைப் பற்றி எவரும் கேட்பதில்லை. ரயில் பெட்டிப் பராமரிப்பில் 35 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பயணிகள் அமரும் இடத்தை அங்குலக் கணக்கில் பார்ப்பது என் பழக்கம். லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு மனைவியுடன் எகானமி வகுப்பில் போய்வந்ததை வைத்து இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

முதலில் தூரமும் நேரமும். லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையம் சுமார் 5,540 கி.மீ. 1919-ல் ஆல்காக், பிரவுன் என்ற இருவர் முதன்முதலாக அட்லாண்டிக்கை நிற்காமல் பறந்து கடந்தபோது, நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்து சேர ஏறக்குறைய 16 மணி நேரம் பிடித்தது. இன்று லண்டனிலிருந்து நியூயார்க் போக சுமார் 8 மணி நேரம். திரும்பி வர ஆறரை முதல் 7 மணி நேரம். மேற்கிலிருந்து கிழக்காக மிக உயரத்தில் வீசும் 'ஜெட்' காற்றோட்டமே இந்த வித்தியாசத்துக்குக் காரணம். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. நம்மவர்கள் அதற்கு முன்பே இந்தியாவிலிருந்து லண்டன் வர ஒன்பது மணிக்கு மேல் உட்கார்ந்திருப்பார்கள் என்பதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்து இருக்கை. ஓர் இருக்கையின் முதுகிலிருந்து முன் இருக்கையின் முதுகு வரை பல கம்பெனிகளில் 31 அங்குலம்தான். போயிங் 777 ரகம் 1995-ல் சேவைக்கு வந்தபோது, பெரும்பாலும் வரிசைக்கு 9 இருக்கைகள் இருந்தன. பிற்பாடு பல கம்பெனிகள் அதே அகலத்தில் 10 இருக்கைகளைப் பொருத்தின. 18 அங்குல இருக்கை 17 அங்குலமாயிற்று. நம் ரயிலில் முப்பது மணி நேரம் போனாலும் படுக்கிறோம், கதவுவரை நடக்கிறோம், பெரிய ஜங்ஷன் வந்தால் இறங்கி டீ குடிக்கிறோம். அட்லாண்டிக்கின் நடுவே ஜங்ஷன் கிடையாது.

மூன்றாவது காற்று. விமானம் 35,000 அடிக்கு மேல் பறக்கும்போது வெளியே மைனஸ் 50 டிகிரிக்கும் கீழான குளிர். உள்ளே காற்றை அழுத்தி அனுப்புகிறார்கள். ஆனாலும் தரைமட்ட அழுத்தம் இராது. 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பது போன்ற அழுத்தமே இருக்கும். ஏறக்குறைய ஊட்டியில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். வயிற்றிலுள்ள வாயு மூன்றில் ஒரு பங்கு வரை விரிவதால்தான் வயிறு உப்புகிறது. நடுவானில் காலித் தண்ணீர் பாட்டிலை இறுக மூடி வைத்துப் பாருங்கள். தரையிறங்கியதும் அது நசுங்கியிருக்கும். ஈரப்பதமும் 20 சதவீதத்துக்குக் குறைவு. உதடும் தொண்டையும் வறள்வது அதனால்தான்.

இனி முக்கியமான விஷயம். காலிலிருந்து இரத்தம் மேலேற உதவும் பம்ப் நம் கெண்டைக்கால் தசை. இரத்தக் குழாயில் ஒருவழி வால்வுகளும் உண்டு. நடக்கும்போது தசை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் உட்கார்ந்தால் பம்ப் நின்றுவிடும். தேங்கிய இரத்தம் உறைந்து கட்டியாகலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

இது விமானத்தால் மட்டும் வந்த வியாதி அல்ல. 1940-ல் லண்டன் மக்கள் குண்டுவீச்சுக்குப் பயந்து பதுங்கிடங்களில் இரவு முழுவதும் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தனர். சிலர் இப்படியே இறந்தனர். நாற்காலியின் முன்சட்டம் தொடையை அழுத்தியதே காரணம் என்று டாக்டர் கீத் சிம்ப்சன் அந்த ஆண்டே எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த அபாயம் இருமடங்காகிறது. விமானம், ரயில், பஸ், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கே வரும். ஆகவே பீதி வேண்டாம், கவனம் போதும்.

எங்கள் பயணத்தில் மனைவிக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பக்கத்தில் இருவர் தூங்கிக்கொண்டிருந்தனர். எழுந்து கொஞ்சம் நடக்கச் சொன்னேன். "தூங்கறவங்களை எழுப்பறது நல்லாவா இருக்கும்? நீங்க சும்மா இருங்க" என்றாள். எழுந்திருக்க நேருமே என்று தண்ணீரும் குடிக்கவில்லை. நியூயார்க்கில் இறங்கும்போது இரண்டு பாதங்களும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. மறுநாள் வீக்கம் வடிந்தது. நம் வீட்டுப் பெண்கள் பலரும் இப்படித்தான் கூச்சத்தில் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். திரும்பும்போது நடைபாதையின் இருபுறமும் எதிரெதிர் இருக்கைகளாகக் கேட்டு வாங்கினேன். அவள் தானாகவே எழுந்து நடந்தாள்.

நினைவில் கொள்ள வேண்டியவை:

1. டிக்கெட் எடுக்கும்போதே நடைபாதையோர இருக்கையைக் கேளுங்கள்.

2. சீட் பெல்ட் விளக்கு அணைந்திருக்கும் வேளையில், மணிக்கொரு முறை எழுந்து நடங்கள். பக்கத்திலிருப்பவர் தூங்கினால் "எக்ஸ்கியூஸ் மீ" என்றால் போதும். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

3. உட்கார்ந்தபடியே குதிகாலையும் முன்பாதத்தையும் மாற்றி மாற்றி உயர்த்துங்கள்.

4. கால் நீட்டும் இடத்தில் கைப்பையை வைக்காதீர்கள்.

5. தண்ணீர் அடிக்கடி குடியுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

6. அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருத்துவம் பெறுபவர்கள், முன்பு இரத்தக் கட்டி வந்தவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே புறப்பட வேண்டும். நீங்களாக எந்த மாத்திரையும் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இரண்டு கால்களும் சமமாக வீங்குவது பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அபாயம் பயணத்துக்குப் பின் சுமார் நான்கு வாரம் வரை நீடிக்கலாம் என்பதால், எங்கிருந்து எப்போது பறந்து வந்தீர்கள் என்பதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வரும் கோடையில் புறப்படும் அன்பர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்து, பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.