வெள்ளைச் சீருடையும் மங்கிய முகமும்: கேமரா எதை அளக்கிறது?

மாணவர்களே, உங்கள் வகுப்பு நிழற்படத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மூன்று வரிசை, எல்லார் உடலிலும் வெள்ளைச் சட்டை அல்லது வெள்ளை பாஜு. இப்போது முகங்களைப் பாருங்கள். பல பள்ளிப் படங்களில் முகங்கள் நேரில் இருப்பதைவிட ஒரு படி மங்கியிருக்கும். மாநிறத்தவர் கறுப்பாகத் தெரிவார்கள். கறுத்த நிறமுடையவரின் கண்ணும் பல்லும் மட்டுமே தெளிவாகத் தெரியும். சட்டையும் பளிச்சென்று இருக்காது. சாம்பல் பூத்ததுபோல் இருக்கும்.

"படத்தில் எனக்கு முகமே எடுபடாது, டீச்சர்" என்று சொல்லிக்கொண்டு கடைசி வரிசைக்கு நழுவும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஆறுதல் சொல்வதைவிட அவர்களுக்கு இயற்பியல் சொல்வது மேல். குறை முகத்தில் இல்லை, அளவீட்டில் இருக்கிறது.

கேமரா தனக்கு முன்னால் இருக்கும் பொருளை அறிவதில்லை. லென்ஸ் வழியாக உள்ளே வரும் ஒளியை மட்டும் அளக்கிறது. அளந்துவிட்டு, 'இந்தக் காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருக்கும்' என்று ஓர் ஊகம் செய்கிறது. நடுத்தரச் சாம்பல் என்பது தன்மீது விழும் ஒளியில் சுமார் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் பரப்பு. மரம், சாலை, சுவர், மனிதர்கள் என எல்லாம் கலந்த ஒரு தெருக்காட்சிக்கு இந்த ஊகம் நன்றாகவே பொருந்துகிறது. நாற்பது வெள்ளைச் சட்டைகளுக்குப் பொருந்தாது. வெள்ளைத் துணி தன்மீது விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கேமராவோ 'வெளிச்சம் அதிகம்' என்று எண்ணி ஒளியைக் குறைக்கிறது. சட்டை சாம்பலை நோக்கி இறங்குகிறது. அதோடு சேர்ந்து முகமும் இறங்குகிறது. ஏற்கெனவே குறைந்த ஒளியைத் திருப்பி அனுப்பும் கறுத்த முகம்தான் இதில் அதிகம் இழக்கிறது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. இருண்ட திரைக்கு முன்னால் கறுத்த நிறமுடைய ஒருவரைச் சட்டம் நிறையும்படி எடுத்தால், கேமரா 'வெளிச்சம் போதாது' என்று எண்ணி ஒளியைக் கூட்டும். முகம் வெளுத்து, தோலின் செழுமை போய்விடும். இன்றைய திறன்பேசிகள் முகத்தை அடையாளம் கண்டு ஓரளவு ஈடுகட்டுகின்றன. ஆனால் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நாற்பது முகங்கள் என்றால் அவையும் தடுமாறும்.

இந்த ஓர் ஊகத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, ஞாயிறு விடியலில் கேமராவோடு புறப்படுவோம்.

சிலாங்கூரில் உள்ளவர்களுக்கு செமினி வட்டாரத்தின் புரோகா மலை தெரிந்த இடம்தான். சுமார் 400 மீட்டர் உயரம், லாலாங் புல் மூடிய உச்சி. சூரிய உதயத்தைப் படம் எடுக்க இருட்டிலேயே விளக்கோடு ஏறுகிறவர்கள் பலர். சிலாங்கூரில் சூரியன் ஏன் பெரும்பாலும் ஏழு மணிக்கு மேல்தான் எழுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? 1982ஆம் ஆண்டு முதல் தீபகற்பத்தின் கடிகாரமும் கிழக்குத் தீர்க்கரேகை 120 பாகையைப் பின்பற்றுகிறது. கோலாலம்பூர் இருப்பதோ 101.7 பாகையில். வேறுபாடு 18.3 பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் 73 நிமிடம். ஆகவே சூரியன் நம் தலைக்கு மேல் வருவது சராசரியாகப் பிற்பகல் 1.13 மணிக்கு. படம் எடுப்பவர்களுக்கு இது பயனுள்ள எண். பின்னால் தேவைப்படும்.

அடிவானத்தை ஒட்டி சூரியன் இருக்கும்போது அதன் ஒளி, உச்சியிலிருந்து வருவதைப்போல் ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீல ஒளி அதிகமாகச் சிதறிப் போய்விடும். காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதமானது என்பது ரேலி பிரபு கண்ட விதி. 450 நானோமீட்டர் நீலத்தையும் 650 நானோமீட்டர் சிவப்பையும் எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். நீலம் நான்கு மடங்குக்கும் மேல் சிதறும். நம்மிடம் வந்து சேரும் எஞ்சிய ஒளி பொன்னிறம். நமக்கும் தூரத்து மலைக்கும் நடுவே இருக்கும் காற்று அதே விதிப்படி நீல ஒளியைச் சிதறடித்து நம் பக்கம் அனுப்புவதால்தான் அந்த மலை நீலமாகத் தெரிகிறது. புகைமூட்ட நாளில் இந்த அழகு கிடைக்காது. புகைத்துகள்கள் மூலக்கூறுகளைவிட மிகப் பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிக்கும். மலை வெளுத்துப்போகும்.

பொன்னிற ஒளியை 'ஒரு மணி நேரம்' என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்வதை இங்கே நம்பிவிடாதீர்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக மேலே எழும். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. அடிவானத்திலிருந்து 6 பாகை உயர நமக்கு ஆவது 24 முதல் 26 நிமிடம்தான். லண்டனில் ஜூன் மாதத்தில் சூரியன் சாய்வாக ஏறுவதால் அதே 6 பாகைக்கு ஏறத்தாழ இரு மடங்கு நேரம் கிடைக்கும். நம் ஊரில் முக்காலியை முன்கூட்டியே நிறுத்தி வைக்காதவருக்குக் கிடைப்பது வெள்ளை வெயில்தான்.

மலை உச்சியிலும் அந்தச் சாம்பல் ஊகம் நம்மை விடாது. வானம் மிகப் பிரகாசம், புல்வெளி இருட்டு. இரண்டுக்கும் நடுவே கேமரா ஒரு சராசரி எடுக்கும். கண்ணுக்குச் செம்மஞ்சளாகத் தெரிந்த மேகம் படத்தில் வெறும் வெள்ளையாக வந்தால் அதுதான் காரணம். சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். 255ஐத் தொட்ட பிறகு எவ்வளவு ஒளி வந்தாலும் 255தான். நிரம்பிய வாளியில் மேலும் ஊற்றியதுபோல. எவ்வளவு வழிந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. எனவே இயற்கைக்காட்சி எடுப்பவர்கள் வானத்துக்கு ஏற்ப ஒளியைக் குறைத்து எடுத்து, நிலத்தைப் பின்னர் திருத்தத்தில் தூக்குவார்கள். 'ரா' கோப்பில் 4,096 அல்லது 16,384 படிகள் இருப்பதால் அதற்கு இடம் உண்டு. ஒன்று மட்டும்: சூரியனை லென்ஸ் உள்ள காட்சித்துளை வழியாக நேராகப் பார்க்காதீர்கள். திரையில் பாருங்கள்.

மலையிலிருந்து இறங்கி வரும்போது வெயில் ஏறியிருக்கும். இனி நண்பரின் முகத்தை எடுக்கலாம். ஒரு மணியை ஒட்டிய வெயிலில் நெற்றி பளபளக்கும், கண்குழி இருண்டுவிடும். அதைத் திருத்த முயல்வதைவிட நகர்ந்து நிற்பது எளிது. நம் ஊர்க் கடைவீடுகளின் ஐந்தடி இதற்காகவே கட்டியதுபோல் இருக்கும். மேலே கூரை, ஒரு பக்கம் முழுதும் திறப்பு. அகலமான பரப்பிலிருந்து வரும் ஒளிக்கு நிழல் ஓரங்கள் மென்மையாக இருக்கும். முகத்தைச் சாலைப் பக்கம் லேசாகத் திருப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது தூரம். கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்று வருந்தாதவர் குறைவு. கணக்கைப் பாருங்கள். கேமராவிலிருந்து மூக்கு 30 செ.மீ. தூரத்தில் இருக்கிறது, காது அதற்கு 12 செ.மீ. பின்னால், அதாவது 42 செ.மீ. 42ஐ 30ஆல் வகுத்தால் 1.4. காதோடு ஒப்பிட மூக்கு 40 விழுக்காடு பெரிதாகப் பதிகிறது. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் 162ஐ 150ஆல் வகுக்க வேண்டும்: 1.08. வெறும் 8 விழுக்காடு. தள்ளி நின்று இரண்டு மடங்கு ஸூம் செய்யுங்கள். மூக்கு தன் அளவுக்குத் திரும்பிவிடும்.

இப்போது வெளிச்சம். 'இருட்டாக இருந்தால் என்ன, பிறகு எடிட் செய்துகொள்ளலாம்' என்பார்கள். இங்கேதான் முகம் ஏமாற்றப்படுகிறது. ஒளி ஃபோட்டான்களாக வருகிறது. கூரையில் விழும் மழைத்துளிபோல அவை ஒழுங்கின்றி விழும். ஓர் இடத்தில் சராசரியாக 10,000 ஃபோட்டான் விழுந்தால், ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 100. ஒரு விழுக்காடுதான், கண்ணுக்குத் தெரியாது. 100 ஃபோட்டான் மட்டுமே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10. பத்து விழுக்காடு! திருத்தும்போது அந்த இருட்டைத் தூக்கினால் புள்ளிப் புள்ளியான இரைச்சலும் சேர்ந்து எழும். வந்து சேராத ஃபோட்டானை எந்தச் செயலியும் பிறகு உண்டாக்க முடியாது. ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டுவதாலும் ஒளி கூடாது. பதிந்த சமிக்ஞைதான் பெருக்கப்படுகிறது. கறுத்த நிறத்துக்குத் தேவை படம் எடுக்கும் நொடியிலேயே கூடுதல் ஒளி: இன்னும் திறந்த லென்ஸ், இன்னும் சற்று நீண்ட ஷட்டர் நேரம், அல்லது ஜன்னலுக்கு இன்னும் அருகில் ஒரு நாற்காலி.

இந்தப் பாரபட்சம் இன்றைய கருவிகளோடு தொடங்கியதல்ல. பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் படம் அச்சிடும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அதில் இருந்தது வெள்ளைத்தோல் பெண் ஒருவரின் படம். அவர் தோல் சரியாக வந்தால் அச்சு சரி என்று பல்லாண்டுகள் கொண்டார்கள். கனடாவின் கொன்கோர்டியா பல்கலைக்கழக ஆய்வாளர் லோர்னா ரோத் 2009இல் இந்த வரலாற்றை எழுதினார். பழுப்பு நிற நுணுக்கம் பிலிமில் சரியாகப் பதியவில்லை என்று முறையிட்டவர்களில் சாக்லேட் நிறுவனங்களும் மரத்தளவாட நிறுவனங்களும் இருந்ததாக அவர் பதிவு செய்திருக்கிறார். மனிதர்களைவிட மேசை நாற்காலிக்கு முதலில் நியாயம் கிடைத்தது என்று படிக்கும்போது சிரிப்பதா கோபப்படுவதா தெரியவில்லை. பல நிறத்தவர் இடம்பெற்ற அட்டை 1990களில்தான் வந்தது. 2022இல் கூகுள், ஹார்வர்டு சமூகவியலாளர் எல்லிஸ் மாங்க் உருவாக்கிய பத்துப் படித் தோல்நிற அளவுகோலை வெளியிட்டது.

வீட்டுக்கு வந்து எடிட் செய்யும்போது முதலில் ஹிஸ்டோகிராமைத் திறங்கள். கணிதத்தில் வரைவதுதான்: கிடை அச்சில் 0 முதல் 255, செங்குத்தில் பிக்சல்களின் எண்ணிக்கை. வலது ஓரத்தில் சுவரில் மோதியதுபோல் குவிந்திருந்தால் மேகம் போய்விட்டது. இடது ஓரத்தில் குவிந்திருந்தால் நிழல் போய்விட்டது. வெளிச்சத்தைச் சரிசெய்யலாம், வெயிலின் மஞ்சளை வெண்சமநிலையில் குறைக்கலாம். இது வெர்னியர் காலிப்பரில் சுழியப் பிழையைக் கழிப்பது போன்றது, முறையான திருத்தம். தோலை வெளுக்கும் 'அழகு' ஃபில்டர் வேறு வேலை செய்கிறது. அக்கம்பக்கப் பிக்சல்களைச் சராசரியாக்கி மருவையும் தழும்பையும் அழிக்கிறது, பிறகு நிற எண்களை ஏற்றுகிறது. ஆய்வுக்கூடத்தில் அளவையே பார்க்காமல் விடை எழுதும் மாணவனுக்கு நான் என்ன மதிப்பெண் போடுவேன் என்று உங்களுக்குத் தெரியும்.

வரும் விடுமுறையில் ஒரு சோதனை. ஒரு வெள்ளை மணிலா அட்டை, ஒரு கறுப்புத் துணி. இரண்டையும் ஒரே ஜன்னலோரம் வைத்து, எச்டிஆர் வசதியை அணைத்துவிட்டு, ஒவ்வொன்றும் திரையை முழுதும் நிறைக்கும்படி எடுங்கள். இரண்டு படமும் சாம்பலை நோக்கி நகர்ந்திருப்பதைக் காண்பீர்கள். பிறகு திரையைத் தொட்டு, வெளிச்சக் குறியை வெள்ளைக்கு மேலே, கறுப்புக்குக் கீழே இழுத்து மறுபடி எடுங்கள். அடுத்த வகுப்புப் படத்தின்போது படம் எடுக்க வருபவரிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்: "அண்ணே, எல்லாரும் வெள்ளைச் சட்டை. ஒரு ஸ்டாப் கூட்டி, இன்னொரு படம் எடுக்க முடியுமா?" ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி.