சாவியைத் தேடாதீர்கள், மணியைப் பாருங்கள்

வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் முதலில் ஓடி வருவது சாவிக்கொத்துதான். யாராவது கொண்டுவந்து கையில் திணித்துவிடுவார்கள். பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். பெயர் சாவிக்குப் போய்விடும். சக ஆசிரியர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் எனக்குப் பெரும்பாடு. முதலுதவி எளிது.

தொடங்கியதும் மணியைப் பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ, அடிபட்டிருந்தாலோ, அதுதான் முதல் வலிப்பு என்றாலோ உடனே 108. பெஞ்சுகளை நகர்த்தி, தலைக்கடியில் துப்பட்டாவை மடித்து வைத்து, காலர் பட்டனைத் தளர்த்துங்கள். கைகாலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்தால் எச்சில் வெளியே வழிந்துவிடும். நாக்கை விழுங்கிவிடும் என்று பயந்து வாயில் ஸ்பூனையோ துணியையோ திணிக்காதீர்கள். நாக்கை யாராலும் விழுங்க முடியாது, பல்தான் உடையும். முழு நினைவு வரும்வரை தண்ணீரும் வேண்டாம்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கண் விழித்ததும் கேட்டது, "டீச்சர், எல்லாரும் பாத்துட்டாங்களா?" பாவாடை நனைந்திருந்தது. மற்ற பிள்ளைகளை முன்பே வராந்தாவுக்கு அனுப்பியிருந்ததால், "இல்லம்மா, நான் மட்டும்தான் இருந்தேன்" என்று சொல்ல முடிந்தது. அன்றிலிருந்து பீரோவில் மாற்றுச் சீருடை ஒன்று இருக்கிறது.

கீழே விழாத வலிப்பும் உண்டு. ஒரு பையனின் டிக்டேஷன் நோட்டில் வரிக்கு நடுவே மூன்று நான்கு சொற்கள் இருக்காது. அடுத்த சொல்லிலிருந்து அழகாக எழுதியிருப்பான். கவனமில்லை என்று எல்லா வகுப்பிலும் திட்டு. பக்கத்தில் நின்று கவனித்தேன். சில நொடிகள் பார்வை நிலைகுத்தி, இமை படபடத்து, பேனா நின்றது. கூப்பிட்டால் காதில் விழவில்லை. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் எழுதினான். நேரங்களைக் குறித்து நோட்டோடு அவன் அம்மாவிடம் கொடுத்தேன். இஇஜி எடுத்துப் பார்த்த மருத்துவர் வலிப்பு என்று உறுதிசெய்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் வாயே திறப்பதில்லை. கல்யாண பயம். இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்ததை 1999-லேயே நீக்கிவிட்டார்கள். வீடுகளில் பயம் நீங்கவில்லை. எனவே சேர்க்கையின்போது தாயைத் தனியாக அழைத்துக் கேளுங்கள். எந்த மாத்திரை, எந்த வேளை, எப்படித் தொடங்கும் என்று எழுதி வாங்குங்கள். தேர்வு நாட்களில் கூடுதலாகக் கவனியுங்கள்: இரவு கண்விழித்துப் படிப்பதும், அவசரத்தில் காலை மாத்திரையை விட்டுவிட்டு வருவதும் அப்போதுதான்.