கைப்பேசியும் குடும்ப செபமும்

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் மாலை செபத்திலும் கைப்பேசியை விடுவதில்லை. கண்டித்தால், "எதுக்கும்மா செபம்?" என்கிறான். கைப்பேசியைப் பிடுங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. முதலில் அவன் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். கேட்கிற பிள்ளை இன்னும் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறான் அல்லவா!

புனித கார்லோ அக்குடிஸை அவனுக்கு அறிமுகப்படுத்துங்கள். 1991-இல் லண்டனில் பிறந்து மிலானில் வளர்ந்த பையன். கணினி நிரல் எழுதத் தானே கற்று, நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையதளம் அமைத்தான். வீடியோ கேம் பிடிக்கும். ஆனாலும் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் என்று தனக்குத்தானே வரம்பு வைத்துக்கொண்டான். 2006-இல், 15 வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்தான். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவனைப் புனிதராக அறிவித்தார்.

என்னை அதிகம் தொடுவது அவன் தாயின் கதை. கோவிலுக்கே அரிதாகப் போனவர் அவர். மகன் கேட்டவற்றுக்கு விடை தெரியாமல் இறையியல் படிக்கப் போனார். பிள்ளைக்காகத் தொடங்கிய தேடல் அவரையே விசுவாசத்துக்குத் திருப்பியது. நீங்களும் "தெரியலடா, சேர்ந்து தேடுவோம்" என்று தயங்காமல் சொல்லலாம்.

செப நேரத்தில் அப்பாவின் கைப்பேசியும் உங்களுடையதும் அடுத்த அறையில் இருக்கட்டும். நற்செய்தியை அவனே வாசிக்கட்டும். பங்குத்தந்தையிடம் பேசி, திருப்பலி நேரலைக் குழுவில் அவனைச் சேர்த்துவிடுங்கள்.