பலகையைத் திருப்புவது எது?

ஹவாயின் மாவி தீவு, வடகரையில் ஹோகிபா கடற்கரை. விண்ட்சர்ஃபிங்கில் அலைமேல் ஓட்டும் கலை வளர்ந்த இடங்களில் முதன்மையானது. கடலைப் பார்த்து நின்றால் வலப்பக்கமிருந்து வணிகக் காற்று வீசும். வடக்கே வெகுதொலைவில் உருவாகும் புயல்கள் குளிர்காலத்தில் அங்கே பெரிய அலைகளை அனுப்பும். அங்கு எடுத்த காணொளிகளைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது பாயும், அதைப் பிடித்திருக்கும் கைகளும்தான். பலகையின் அடிப்பாகம் தண்ணீருக்குள் செய்யும் வேலை தெரிவதே இல்லை. அலைப் பலகைகளைப் பற்றி உலவும் தவறான நம்பிக்கைகளில் பல அப்படித்தான் பிறக்கின்றன.

“ஃபின்தான் பலகையைத் திருப்புகிறது”

சுக்கானைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் சுக்கான் அசையும். ஃபின், அதாவது பலகையின் வால்பக்க அடியில் திருகி இறுக்கப்பட்ட செதில், அசையாது. வால் பக்கவாட்டில் வழுக்கிப் போகாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. திருப்பத்தை உண்டாக்குவது பலகையின் விளிம்பு. மேலிருந்து பார்த்தால் பலகையின் ஓரம் ஒரு வளைவு. பக்கத்திலிருந்து பார்த்தால் மூக்கிலிருந்து வால்வரை அடிப்பாகம் இன்னொரு வளைவு, இதை ராக்கர் என்பார்கள். பலகையைச் சாய்த்து விளிம்பைத் தண்ணீரில் அழுத்தும்போது இந்த இரண்டு வளைவுகளும் சேர்ந்து ஒரு வில்லாகின்றன. அந்த வில் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு இறுக்கமாகப் பலகை திரும்பும்.

இதை மாவியின் பலகைச் சிற்பிகள் 1980-களின் நடுவிலேயே செய்து காட்டினார்கள். அலையின் அடியில் எடுக்கும் பாட்டம் டர்னுக்கு ஒரு விளிம்பு, உச்சியில் எடுக்கும் டாப் டர்னுக்கு மறு விளிம்பு. ஹோகிபாவில் காற்று வரும் பக்கம் மாறாததால் எந்த விளிம்பு எதற்கு என்பதும் மாறாது. ஆகவே இடமும் வலமும் வெவ்வேறு வளைவு கொண்ட, சமச்சீரற்ற பலகைகளைச் செதுக்கினார்கள். நீண்ட, வேகமான திருப்பத்துக்கு ஒரு பக்கம், சட்டென்று மடக்கும் திருப்பத்துக்கு மறுபக்கம். காற்று எதிர்ப்பக்கமிருந்து வீசும் கடற்கரைக்கு எடுத்துப் போனால் எல்லாம் இடம் மாறிவிடும் என்பதால் அந்த வழக்கம் நிலைக்கவில்லை. ஆனால் திருப்பம் விளிம்பில் இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

“சாய்த்தால் போதும், திரும்பிவிடும்”

வேகம் இருந்தால் மட்டுமே. பலகை தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு மெதுவாகப் போகும்போது வலப்பக்கம் சாய்த்தால் அது இடப்பக்கமாகத் திரும்பப் பார்க்கும். கயாக் ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். வேகம் கூடி, பலகை நீர்மேல் எழும்பி வழுக்கத் தொடங்கிய பிறகுதான் சாய்த்த பக்கமே திரும்பும், ஓடும் சைக்கிளைப் போல. ஹாயில் ஷ்வைட்ஸரும் ஜிம் டிரேக்கும் 1968-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பலகை ஏறத்தாழ 3.65 மீட்டர் நீளம், 27 கிலோ எடை. அதைப் பெரும்பாலும் பாயால்தான் திருப்பினார்கள். பாய்மரத்தை முன்னே சாய்த்தால் காற்றைவிட்டு விலகும், பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். இன்றைய அலைப் பலகை 2.3 மீட்டருக்குள் அடங்கிவிடும், எடையும் பெரும்பாலும் 8 கிலோவைத் தாண்டாது. இரண்டையும் ஓட்டும் முறை ஒன்றாக இருக்க முடியாது. பெரிய பலகையில் பழகியவர் அலைக்குள் வந்ததும் தடுமாறுவது திறமைக் குறைவால் அல்ல, வேகம் வருமுன்பே சாய்ப்பதால்.

“பின்காலால் ஓங்கி மிதிக்க வேண்டும்”, “கையில் பலம் வேண்டும்”

இந்த இரண்டும் சேர்ந்தே வரும், பாட்டம் டர்னைக் கெடுப்பதும் இவைதான். பின்காலால் மிதித்தால் மூக்கு மேலெழும், வால் ஆழும், விளிம்பின் முன்பாதி தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிடும். மிச்சமிருக்கும் குட்டை விளிம்பில் பலகை இழுபட்டு நிற்கும். அலையின் உச்சிக்கு ஏறத் தேவையான வேகம் அங்கேயே செத்துவிடுகிறது.

நல்ல பாட்டம் டர்னை அருகிலிருந்து பார்ப்போம். உடலைப் பாயோடு இணைக்கும் ஹார்னஸ் பட்டையின் கொக்கியை முன்பே கழற்றியாயிற்று. பாயைப் பிடிக்கும் குறுக்குக் கம்பியான பூமில் பின்கை ஓரடி பின்னுக்கு நகர்ந்திருக்கிறது. அலையின் சரிவில் இறங்கிக் காற்றோடு சேர்ந்து ஓடத் தொடங்கியதும், ஓட்டுகிறவர் உணரும் காற்று சட்டென்று குறைகிறது. ஒரு நொடி முன்புவரை தோளை இழுத்த பாய் இப்போது கையில் எடையே இல்லாதது போல் இருக்கும். அந்த நொடியில்தான் முன்கையை நேராக நீட்டி, பாயை முன்னும் திருப்பத்தின் உட்பக்கமும் படுக்கவைக்கிறார். பாயின் பின்னோரம் தண்ணீரைத் தொடும் அளவுக்குத் தாழ்கிறது. முழங்கால்கள் மடிகின்றன. முன்காலின் விரல்கள் உள்விளிம்பை அழுத்துகின்றன, குதிகால் எழும்புகிறது. கண் பலகையின் மூக்கைப் பார்ப்பதில்லை, அலை உடையப்போகும் உச்சியைப் பார்க்கிறது. விளிம்பு முழு நீளத்துக்கும் தண்ணீரில் பதிந்து, வேகம் குறையாமல் பலகை மேலே சுழன்று ஏறுகிறது.

இதில் பலத்துக்கு எங்கே வேலை? காற்று பாயைவிடும் நொடிக்கு முன்பே படுக்கவைக்க முயல்கிறவருக்குத்தான் பலம் தேவைப்படுகிறது, அவர் காற்றோடு மல்லுக்கட்டுகிறார். கிரான் கனாரியா தீவின் போஸோ கடற்கரை கடுங்காற்றுக்குப் பெயர்போனது. டைடா, இபாய்யா ருவானோ மொரேனோ என்னும் இரட்டைச் சகோதரிகள் அங்கே ஓட்டிப் பழகிப் பல உலகப் பட்டங்களை வென்றார்கள். அதே தீவைச் சேர்ந்த பிலிப் கோஸ்டர் 2011-இல் அலைப் பிரிவின் உலகப் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 17. தோள் பருமன்தான் இதைத் தீர்மானிக்கிறது என்று யாராவது சொன்னால் இவர்களைச் சொல்லுங்கள்.

பின்காலுக்கு வேலையே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். அலையின் உச்சியில் எடையைக் குதிகால் பக்க விளிம்புக்கு மாற்றி, பாய்மரத்தை நிமிர்த்தி, பின்காலால் வாலை உதைத்துத் திருப்பும் டாப் டர்ன் அதன் இடம். இடம் மாறி மிதிப்பதுதான் பிழை.

“ஃபின் எத்தனை அதிகமோ அவ்வளவு நல்லது”

அலைச்சறுக்கில் சைமன் ஆண்டர்சன் 1981-இல் மூன்று ஃபின் பலகையால் பெரிய போட்டிகளை வென்று அந்த விளையாட்டையே மாற்றினார். விண்ட்சர்ஃபிங் அலைப் பலகைகளோ அதற்குப் பிறகும் நெடுங்காலம் பெரும்பாலும் ஒற்றை ஃபினோடு இருந்தன. பிரேசிலின் கவுலி சியாடி 2000-களின் நடுவில் இரட்டை ஃபினில் ஓட்டிக் காட்டிய பிறகே காற்று திசை மாறியது. பிறகு மூன்று, நான்கு.

இந்த மாற்றத்தின் காரணம் எண்ணிக்கை அல்ல, ஆழம். சுமார் 22 செ.மீ. நீளமுள்ள ஒற்றை ஃபின் நெம்புகோலைப் போலப் பலகை சாய்வதை எதிர்க்கும். அந்தப் பரப்பைச் சுமார் 16 செ.மீ. நீள ஃபின்கள் இரண்டாகப் பிரித்து விளிம்புகளை நோக்கி நகர்த்தினால் பலகை எளிதாகச் சாயும். சாய்ந்த பிறகு உட்பக்க ஃபின் அலைச்சுவரில் ஆழப் பதிந்து பிடித்துக்கொள்ளும். விலையும் உண்டு. குட்டை ஃபின்களோடு காற்றை எதிர்த்து ஏறுவது கடினம், பின்காலால் தள்ளி ஓட்டிப் பழகியவருக்கு வால் நழுவும். அலை பலவீனமான, காற்று கடலிலிருந்து நேராகக் கரைநோக்கி வீசும் இடத்தில் நான்கு ஃபின் பலகை சோம்பலாகத் தெரியலாம். ஃபின்களின் மொத்தப் பரப்பு, அவை நிற்கும் இடம், முன்முனைகள் எவ்வளவு உள்நோக்கித் திரும்பியிருக்கின்றன என்ற மூன்றையும் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பேசுவதில் பயனில்லை.

“சிறிய பலகைதான் நன்றாகத் திரும்பும்”

பலகைமேல் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கு மிதவையைச் சொல்லும், அந்த மிதவை எங்கே இருக்கிறது என்று சொல்லாது. விளிம்பு மெலிந்து, கனம் நடுவில் குவிந்த 90 லிட்டர் பலகை, விளிம்பு தடித்த 80 லிட்டர் பலகையைவிட எளிதாகத் தண்ணீரில் பதியலாம். வாலிலிருந்து ஓரடி முன்னே எடுக்கும் அகலமும் முக்கியம். அங்கே அகலமான பலகை சீக்கிரம் வழுக்கத் தொடங்கும், ஆனால் அதிவேகத்தில் விளிம்பில் நிறுத்துவது கடினம். உடல் எடைக்குப் பொருந்தாத சின்னப் பலகையை வாங்கிவிட்டு, இரண்டு அலைகளுக்கு நடுவே இடுப்பளவு நீரில் முழுகி நிற்பவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கும். ஓட்டமே எடுக்காத பலகையில் திருப்பம் எங்கிருந்து வரும்?

ராக்கரும் அப்படித்தான். கூடுதல் வளைவு செங்குத்தான அலைக்குள் இறுக்கமாகத் திரும்பும், தட்டையான நீரிலோ தண்ணீரைத் தள்ளிக்கொண்டு தயங்கும். பழைய பலகை வாங்கப் போகிறவர்கள் அதைக் கவிழ்த்து வைத்து, நடுக்கோட்டில் ஒரு நேரான சட்டத்தை வைத்துப் பாருங்கள். சட்டம் இடைவெளியின்றிப் பலகையைத் தொடும் தட்டைப் பகுதி எவ்வளவு நீளம், அது வால்பக்கம் எங்கே முடிகிறது என்று விரலால் குறித்துக்கொள்ளுங்கள். நீளமாக இருந்தால் லேசான காற்றிலும் அலையைப் பிடிக்க ஓடும். குட்டையாக இருந்து வால் சட்டென்று விலகினால், நேர்ச்செங்குத்தான அலை வரும் கடற்கரைக்காகச் செதுக்கியது. உங்கள் கடற்கரையில் வரும் அலை எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டு விலை பேசுங்கள்.