இரும்பும் பற்றீரியத்தின் புறமென்சவ்வும்

டிக்கோயாத் தேயிலை மலைகளின் செம்மண் இரும்பு மிகுந்தது. எனினும் அதன் பெரும்பகுதி நீரிற் கரையாத துருவாகக் கிடப்பதால், அம்மண்ணில் வாழும் பற்றீரியங்கள் இரும்புக்கு வறுமையுற்றே வாழ்கின்றன. இருத்தல் வேறு; கிடைத்தல் வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தால், நோய்க்கிருமி நம் உடலினுட் புகுந்ததும் தன் கோலத்தை எவ்வாறு மாற்றுகின்றது என்பது விளங்கும். அதனையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

வளர்ந்த மனிதருடலில் 3 முதல் 4 கிராம் வரை இரும்பு உண்டு. அதிற் பெரும்பங்கு குருதியின் ஈமோகுளோபினில் அடங்கியுள்ளது. குருதிநீரிற் செல்லும் சிறுபகுதியையும் திரான்ஸ்பெரின் என்னும் புரதம் இறுகப் பற்றிக்கொள்கின்றது. ஆகவே கிருமிக்கு எளிதிற் கிடைக்கும் இரும்பு இல்லையென்றே கூறலாம். இஃது உடலின் அரண்களுள் ஒன்று. முட்டை வெண்கரு வயிற்றுளைவுக் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதையும், இரும்பைச் சேர்த்ததும் அத்தடை நீங்குவதையும் ஷேட், கரோலைன் என்னும் அறிஞர் இருவர் 1944ஆம் ஆண்டிற் காட்டினர்.

இனிக் கிருமியின் பக்கம் நோக்குவோம். ஈ. கோலை போன்ற பற்றீரியங்களுக்கு மென்சவ்வுகள் இரண்டு. புறமென்சவ்வின் பொதுத் துளைகள் வழியே சிறு மூலக்கூறுகளே புகும். இரும்பு குறையுங்கால் ஈ. கோலை என்ரரோபக்டின் என்னும் பொருளை ஆக்கி வெளிவிடுகின்றது. அப்பொருள் இரும்பைக் கவர்ந்துகொள்ளும். ஆயின் இரும்பேந்திய அம்மூலக்கூறு பொதுத் துளைகளுக்கு அடங்காது. அதற்கெனத் தனிவாயிலாய் அமைவதே பெப்-ஏ என்னும் புறமென்சவ்வுப் புரதம். உள்மென்சவ்வைச் சார்ந்த டொன்-பி என்னும் புரதம் ஆற்றலை வழங்க, இரும்பு உள்ளே செல்கின்றது.

இவ்வாயிலை எந்நாளும் மிகுதியாக வைத்திருத்தலாகாதோ என மாணவர் வினவலாம். மிகுந்த இரும்பு கலத்துக்கு நஞ்சாகும். அன்றியும், பற்றீரியத்தைக் கொல்லும் கொலிசின் என்னும் நச்சுப் புரதங்களுட் சில இவ்வாயிலைப் பற்றியே உட்புகுகின்றன. ஆதலின் கட்டுப்பாடு இன்றியமையாதது. அதனைச் செய்வது பர் என்னும் புரதம். கலத்தினுள் இரும்பு போதியதாயின், பர் அவ்விரும்போடு கூடி, வாயிற் புரதங்களுக்குரிய மரபணுக்களின் தொடக்கத்தில் அமர்ந்து அவற்றை அடக்குகின்றது. இரும்பு குறைந்ததும் அதன் பிடி தளர்கின்றது. வாயிற் புரதங்கள் பெருகுகின்றன. உடல் இரும்பை ஒளிப்பதே, கிருமிக்குத் தான் உடலினுள் வந்துவிட்டதை உணர்த்தும் குறியாகின்றது.

நம் நாட்டை, சிறப்பாக வயற்புறங்களை, வாட்டும் எலிக்காய்ச்சலின் கிருமியும் இவ்வியல்பினதே. 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாக ஐயுறப்பட்டது. இந்நோயை விளைப்பது லெப்ரொஸ்பைரா என்னும் சுருளுருப் பற்றீரியம். ஐதராபாத் பல்கலைக்கழகத்து மஞ்சுளா ஸ்ரீதரன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, வளர்ப்பூடகத்தின் இரும்பைக் கட்டிவைத்தபோது இதன் புறமென்சவ்வில் எச்-பி-பி-ஏ என்னும் புரதம் தோன்றுவதைக் காட்டியது. ஈமோகுளோபினின் இரும்புடைக் கூற்றினின்று பெறப்படும் ஈமினைப் பற்றுவது அப்புரதத்தின் தொழில். செழிப்பான ஊடகத்தில் வளர்ந்த கிருமியை மட்டும் நோக்குவோர் இதனைக் காணார். தடுப்பு மருந்தையும் நோயறி சோதனையையும் நாடுவோர், வறுமையில் வளர்ந்த கிருமியையும் ஆராய்தல் வேண்டும்.

ஆய்வுகூடத்தில் இரும்பைக் கட்டும் பொருள் செய்யும் வேலையை, நாம் அருந்தும் தேயிலையின் பொலிபீனோல்களும் செய்கின்றன. இரும்புக் கத்தியில் தேநீர் பட்ட இடம் கறுப்பதைக் கண்டிருப்போம். உணவோடு தேநீர் அருந்தினால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடலிற் சேர்வது குறைகின்றது. கொழுந்தெடுக்கும் தாய்மார் குருதிச்சோகையைத் தவிர்க்க, உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமேனும் விடுதல் நன்று. மருத்துவர் தரும் இரும்புக் குளிகைகளைத் தவறாது உட்கொள்ளலும் வேண்டும். காய்ச்சலுற்ற வேளையில் மட்டும், அக்குளிகைகளைத் தாமாக வாங்கி விழுங்காது மருத்துவரை வினவுதல் தக்கது. நமக்கு வேண்டிய அவ்விரும்பையே கிருமியும் தேடித் திரிகின்றது.